கருவாட்டுல உப்பே இல்லைன்னு போஸ்டர் அடிச்சு குடுத்த ஏஐ மார்க்கெட்டிங் தம்பி, உஷாரா இருங்க மக்களே

சொந்தமா சின்னதா யாவாரம் பண்றவங்க எல்லாம் இத கொஞ்சம் படிங்க, நீளமா இருக்கும், கோவத்துல அடிக்கறேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க.

நாங்க காசிமேட்டுல கருவாடு விக்கிறோம், மாமியார் காலத்துல இருந்து. கடைன்னு சொன்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க, ஒரே ஒரு ஷட்டர், மாடில வலை விரிச்சு காய வைக்க எடம், அவ்ளோதான். லாக்டவுன் நேரத்துல வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்க ஆரம்பிச்சேன், பெரம்பூர், கொளத்தூர், அண்ணாநகர்னு ரெகுலர் கஸ்டமருங்க இருக்காங்க. வருசா வருசம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் வரும்ல, விசைப்படகு கடலுக்கு போகாது, மீன் விலை ஏறிடும், அப்போதான் எங்களுக்கு கொஞ்சம் நல்லா ஓடும். அதுக்கு முன்னாடி நாமளும் இன்ஸ்டால கொஞ்சம் வெளம்பரம் பண்ணலாமேன்னு மார்ச் மாசம் ஒரு ஆசை வந்துச்சு பாருங்க, அங்க ஆரம்பிச்சுது பேஜாரு.

தெரிஞ்சவங்க மூலமா ஒரு தம்பி வந்தான். பேரு, கம்பெனி பேரு எல்லாம் போடல, போட்டா அது வேற பஞ்சாயத்து ஆகும். வண்ணாரப்பேட்டை மெட்ரோ பக்கத்துல ஒரு டீக்கடைல வெச்சுதான் பேசினோம். "அக்கா, எல்லாமே ஏஐ தான் இப்போ, மாசம் 30 போஸ்ட், 4 ரீல்ஸ், கேப்ஷன் ரெண்டு லாங்குவேஜ்ல, படிச்சா வாங்காம போகவே மாட்டாங்க, 12,000 தான்"ன்னான். லேப்டாப்ல சட்டுபுட்டுன்னு தட்டி ஒரு கேப்ஷன் அங்கயே காட்டினான், எனக்கு மெர்சலாயிடுச்சு. 9,000 அட்வான்ஸ் ஜிபேல போட்டுட்டேன், ஆட் பூஸ்ட் பண்ண, அதாவது இன்ஸ்டாக்கு காசு கட்டி போஸ்ட்ட நெறைய பேருக்கு காட்ட வெக்க, தனியா 4,000 வேற.

இப்போ யோசிச்சா எனக்கே வெக்கமா இருக்குது. அன்னிக்கு அரை மணி நேரம் பேசினான், என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கூட கேக்கல. என்ன மீன், எப்படி காய வெக்கறீங்க, யாரு வாங்கறாங்க, எவ்ளோ நாள் தாங்கும், ஒண்ணும் இல்ல. கடை பேரு என்ன, போன் நம்பர் என்ன, லைசன்ஸ் நம்பர் என்ன, அவ்ளோதான் குறிச்சுக்கிட்டான். அப்போவே எழுந்து வந்திருக்கணும்.

மொத வாரம் போஸ்ட் எல்லாம் போச்சு. நான் கடைல நிக்கறவ, தினம் உக்காந்து பாக்க முடியல, லைக்கு விழுதுன்னு சந்தோஷப்பட்டேன். லைக்கு எங்கெங்க இருந்தோ வந்துச்சு, ஹிந்தில ரேட்டு கேக்கறாங்க, எவனும் வாங்கல, ஏன்னா பூஸ்ட்டு இந்தியா முழுக்க போட்டு வெச்சிருக்கான். நான் அனுப்பறதே மெட்ராஸ் உள்ள தான்!

அப்புறம் ஒரு நாள் பெரம்பூர்ல இருந்து ஒரு பெரியம்மா போன் பண்ணாங்க. "ஏம்மா, உங்க வஞ்சிரம் கருவாடுல உப்பே இல்லையாமே, பிரஷர் இருக்கறவங்க தெனமும் சாப்பிடலாமாமே, எங்க வீட்டுக்காரருக்கு டாக்டர் உப்ப கொறைக்க சொல்லிட்டாரு, மனுசன் கருவாடு கருவாடுன்னு உசுர வாங்கறாரு, அரை கிலோ அனுப்பும்மா"ன்னாங்க.

எனக்கு கை காலு ஒதறிடுச்சுங்க. வஞ்சிரத்த வகுந்து, கழுவி, கல்லு உப்ப அள்ளி தேச்சு, தொட்டில அடுக்கி அடுக்குக்கு அடுக்கு உப்பு போட்டு ஊற வெச்சு அப்புறம்தான் வெயில்ல போடறோம். உப்புதான் அதோட உசுரே. நெத்திலிய சில பேரு உப்பு போடாமலே காய வைப்பாங்க, அது வேற கத, ஆனா இவன் போட்டது வஞ்சிரம் படம். அதுவும் எங்க வஞ்சிரம் இல்ல, ஏதோ வெளிநாட்டு மீனு, ஆரஞ்சு கலர்ல, பக்கத்துல எலுமிச்சம்பழம் வட்டமா வெட்டி வெச்சிருக்குது. கருவாட்டுக்கு எவன்யா எலுமிச்சம்பழம் வெக்கறான்.

உடனே அந்தம்மா கிட்ட இல்லம்மா, தப்பா போட்டுட்டாங்க, அவருக்கு குடுக்காதீங்கன்னு சொல்லி வெச்சுட்டு, எல்லா போஸ்ட்டையும் ஒக்காந்து படிச்சேன். "சோடியம் இல்லாதது, இதயத்துக்கு நல்லது", "சர்க்கரை நோயை விரட்டும்", "24 மணி நேரத்தில் இந்தியா முழுவதும் டெலிவரி, பிடிக்கலன்னா முழு பணம் வாபஸ்". எல்லாத்துக்கும் கீழ என் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், அதான் சாப்பாட்டு பொருள் விக்க வாங்கற லைசன்ஸ் நம்பர். கருவாடுன்ற எழுத்தே படத்துல "கறுவடு"ன்னு வந்திருக்குது. இதுல கஸ்டமர் ரிவ்யூன்னு 5 பேரு எழுதின மாதிரி வேற. நாலு பேரு சூப்பர் சூப்பர்னு இருந்தாங்க, அஞ்சாவது ஆளு எழுதினது: "மென்மையா இருக்கு, ரெண்டு தடவ துவைச்சும் சாயம் போகல." எம்.சி.ரோட்டுல ஏதோ நைட்டி கடைக்கு போட்டத அப்படியே நமக்கும் ஒட்டிட்டான் போல! சிரிக்கறதா அழறதான்னு தெரியல, மாமியார் மட்டும் ரெண்டு நாளைக்கு விடாம சிரிச்சாங்க.

போன் பண்ணி கேட்டா என்ன சொன்னான் தெரியுமா, "அக்கா, அது ஏஐ பண்ண தப்பு, நான் என்ன பண்றது." துட்டு வாங்கினது ஏஐயா நீயாடான்னு கேட்டேன், கட் பண்ணிட்டான்.

பாரிமுனைல வக்கீல் கிட்ட குமாஸ்தாவா இருக்கற எங்க சித்தப்பா வந்து போஸ்டர பாத்துட்டு இன்னும் வயித்துல புளிய கரைச்சாரு. சாப்பாட்டு பொருளுக்கு பொய்யா வெளம்பரம் போட்டா 2006 உணவு பாதுகாப்பு சட்டத்துல 10 லட்சம் வரைக்கும் அபராதம் இருக்குதாம், அவன் எழுதினான் மெஷின் எழுதுச்சுன்னு சொல்லி நாம கழண்டுக்க முடியாது, நம்ம பேரு நம்ம நம்பரு இருக்குதே. மொதல்ல ஸ்கிரீன்ஷாட், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் சேட் எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வைன்னாரு, 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கும் பேசிப் பாரு, அதோட உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல அது பொய்யின்னு நீயே போட்டுடுன்னாரு. ஸ்டேட்டஸ் போட்டேன். அந்த பேஜுல இருந்து எடுக்கலாம்னு போனா இன்னொரு கூத்து, பேஜே அவன் லாகின்ல இருக்குது, நான் அட்மினே இல்ல. தயவு செஞ்சு யாருகிட்ட குடுத்தாலும் பேஜ், ஆட் அக்கவுண்ட் ரெண்டையும் உங்க நம்பர்ல, உங்க மெயில்ல ஓப்பன் பண்ணிட்டு அவங்கள உள்ள சேருங்க, அவங்க ஓப்பன் பண்ணி உங்கள சேக்க விடாதீங்க.

இத படிச்சுட்டு ஏஐயே வேணாம்னு நான் சொல்றதா நெனச்சுக்காதீங்க. நானே இப்போ யூஸ் பண்றேன். பக்கத்து வீட்டு பொண்ணு காலேஜ் படிக்குது, அதுதான் போன்ல காட்டி குடுத்துச்சு. அது சொன்னது, "ஆன்ட்டி, அதுக்கு உங்க கடைய பத்தி ஒண்ணும் தெரியாது, எந்த வார்த்தைக்கு அப்புறம் எந்த வார்த்தை வந்தா பொருத்தமா இருக்கும்னு பாத்து கோத்துக்கிட்டே போகும், நீங்க விவரம் குடுக்கலன்னா அதுவே இட்டுக்கட்டி ரொப்பிடும்." அவன் என்ன அடிச்சிருப்பான், கருவாடு விக்க சூப்பரா ஒரு போஸ்ட் போடுன்னு ஒரே லைன் அடிச்சிருப்பான், அது ஆரோக்கியம், இதயம், சர்க்கரைன்னு ஊர்ல இருக்கற எல்லா வெளம்பரம் மாதிரியும் எழுதி குடுத்துடுச்சு, இவன் படிக்க கூட இல்ல.

நான் இப்போ மைக்க அமுக்கி தமிழ்லயே பேசறேன். இது வஞ்சிரம், உப்பு போட்டது, சமைக்கறதுக்கு முன்ன சுடுதண்ணில ஊற வெச்சு ரெண்டு தண்ணி கழுவணும், மெட்ராஸ் உள்ள மட்டும்தான் அனுப்புவேன், நான் சொல்லாதது ஒரு வார்த்தை சேக்காதன்னு. அப்படி சொல்லியும் "பாரம்பரியத்தின் சுவை"ன்னு ஒண்ண நைசா நுழைக்கும், அத அழிச்சுடுவேன். ரேட்டும் ஸ்டாக்கும் மட்டும் நானே கைல டைப் பண்றேன். கஸ்டமர் நம்பரு, அட்ரஸு எதையும் அதுல போட மாட்டேன். போட்டோ எங்க மாடில எடுத்ததுதான், வெளிச்சம் கம்மியா இருந்தாலும் பரவால்ல.

அந்த பொண்ணு சொன்னதுல ரொம்ப உருப்படியானது இன்னொண்ணு. எழுத சொல்றதுக்கு முன்னாடி, "இத வாங்கறவங்களுக்கு என்னென்ன சந்தேகம் வரும், மொதல்ல என்கிட்ட கேளு"ன்னு சொல்ல சொல்லுச்சு. அது பத்து கேள்வி கேட்டுச்சு, பாதி வேஸ்ட்டு, ஆனா ஒண்ணு சரியா புடிச்சுது: பார்சல் வரும்போது வாடை வருமா, அபார்ட்மெண்ட்ல பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்களா. இத்தன வருசமா விக்கறேன், இத எழுதணும்னு எனக்கு தோணல பாருங்க. ரெண்டு கவர் போட்டு சீல் பண்ணி, பேப்பர் சுத்தி, அட்டைப்பொட்டில வெச்சு அனுப்பறோம், வறுக்கும்போது வாடை வரத்தான் செய்யும், அதுக்கு நான் பொறுப்பில்லன்னு உள்ளத உள்ளபடி சொன்னேன், அத அழகா கோத்து குடுத்துச்சு. அந்த ஒரு போஸ்ட்டுக்கு வந்த ஆர்டரு அவன் போட்ட அத்தனைக்கும் சேத்து வரல.

9,000மும் போச்சு, பூஸ்ட்டு காசும் போச்சு. பெரம்பூர் பெரியம்மா மட்டும் அப்பப்போ போன் பண்றாங்க, கருவாடு இல்ல, பச்ச மீன் என்ன வந்திருக்குன்னு கேக்க.

அந்த பழைய பேஜு இன்னும் அவன் கைலதான் இருக்குது. ஆரஞ்சு மீனு, எலுமிச்சம்பழம், கீழ "கறுவடு", இப்படி ஒரு போஸ்டர் உங்க கண்ணுல பட்டா அது நாங்க இல்ல. ரிப்போர்ட் அடிச்சு விடுங்க, நான் மூணு தடவ அடிச்சுட்டேன்.