சிறிய சபாக்களின் பட்டியல் எங்கே பத்திரம்? கைபேசி, இணையதளம், டிக்கெட் தளம், பொதுக் கணக்கு: ஓர் ஒப்பீட்டு அலசல்

மார்கழி நெருங்கும்போது ஒரு சிறிய சபாவின் செயலாளர் கையில் என்னென்ன விவரங்கள் சேர்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உறுப்பினர்களின் பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண், சந்தா முடியும் நாள். 80ஜி வரிச்சலுகை தரும் அமைப்பு என்றால் நன்கொடை விவரங்களை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும் 10பிடி படிவத்தை ஆண்டுதோறும் மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், நன்கொடையாளர்களின் பான் எண்ணோ ஆதார் எண்ணோ கூடவே இருக்கும். கலைஞர்களுக்குச் சன்மானம் அனுப்ப வங்கிக் கணக்கு விவரம், டிடிஎஸ் பிடிக்க அவர்களுடைய பான். நடனப் பள்ளி என்றால் இன்னும் அதிகம்: குழந்தையின் பிறந்த தேதி, படிக்கும் பள்ளி, வகுப்பு முடிந்ததும் யார் வந்து அழைத்துப்போவார்கள் என்ற குறிப்பு, ஒப்பனையோடு எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள்.

இதே விவரங்கள் ஒரு வங்கியிடம் இருந்தால் அவற்றைக் காக்கத் தனிப் பிரிவே இருக்கும். சபாவிலோ நாடகக் குழுவிலோ அந்த வேலை, கலை மீதுள்ள பற்றால் சம்பளம் இல்லாமல் உழைக்கும் இரண்டு மூன்று பேர் தலையில் விழுகிறது. “எங்களிடம் திருட என்ன இருக்கிறது?” என்று அவர்கள் கேட்பது இயல்புதான். திருட வேண்டியது அந்தப் பட்டியலும் அதன் பின்னாலுள்ள நம்பிக்கையும். இருபது வருடமாகத் தெரிந்த செயலாளரின் எண்ணிலிருந்து, “நமஸ்காரம் மாமி, வித்வானுக்கு அவசரமா ஒரு தொகை அனுப்பணும், என் கணக்குல ஏதோ தடங்கல், நாளைக்குத் தந்துடறேன்” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் எத்தனை பேர் சந்தேகப்படுவார்கள்?

சட்டமும் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் விதிகள் வந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வரும். லாப நோக்கமில்லாத சங்கம், அறக்கட்டளை என்பதற்காகத் தனி விலக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். அது உச்சவரம்பு, தவறின் அளவையும் தன்மையையும் பார்த்துத்தான் தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையை முடிவு செய்யும். எனவே சிறிய அமைப்புகள் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

நான்கு வழிகள் கண்முன்னே இருக்கின்றன. ஒவ்வொன்றிடமும் நான் கேட்பது இரண்டே கேள்வி: இதன் சாவி யார் பெயரில் இருக்கிறது? அந்த ஆள் நாளைக்கு இல்லையென்றால் என்ன ஆகும்?

செயலாளரின் கைபேசி

பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். தனிப்பட்ட ஜிமெயில், தனிப்பட்ட வாட்ஸ்அப், சில சமயம் தனிப்பட்ட யூபிஐ எண். செலவு கிடையாது, கற்றுக்கொள்ளவும் எதுவும் இல்லை. ஒரு ரசிகர் கூப்பிட்டால் அந்த நிமிடமே பதில் கிடைக்கும். இந்த நெருக்கத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சின்ன அமைப்புகள் உயிரோடு இருப்பதே அதனால்தான்.

சிக்கல் எங்கே என்றால், வாட்ஸ்அப் கணக்கைப் பறிக்க ஆறு இலக்க எண் ஒன்று போதும். “தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஒரு குறியீடு வந்துவிட்டது, அனுப்புங்களேன்” என்று தெரிந்தவர் எண்ணிலிருந்தே கேட்பார்கள். அவர் கணக்கு ஏற்கெனவே போயிருக்கும். கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு அனுப்புவது இன்னொரு வழி. தொட்டு நிறுவினால் கைபேசிக்கு வரும் ஓடிபி எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். வாட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அதற்கென ஒரு ரகசிய எண்ணை (PIN) வைத்துவிட்டால் முதல் வகைத் தாக்குதல் பெரும்பாலும் நின்றுவிடும். ஐந்து நிமிட வேலை.

அதைவிடப் பெரிய தலைவலி நகல்கள். உறுப்பினர் பட்டியல் எக்செல் கோப்பாகச் செயற்குழு வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை பகிரப்பட்டால் பன்னிரண்டு கைபேசிகளில் இறங்கிவிடும். அதில் இருவர் போன வருடமே குழுவிலிருந்து விலகியிருப்பார்கள். ஒருவர் பழைய கைபேசியைக் கடையில் கொடுத்து மாற்றியிருப்பார். நாளைக்கு ஓர் உறுப்பினர், “என் விவரத்தை நீக்கிவிடுங்கள்” என்று சட்டப்படி கேட்டால் எந்தக் கைபேசியில் போய் நீக்குவீர்கள்? இந்தக் கேள்விக்குக் கைபேசி வழியில் விடையே இல்லை. செயலாளர் மாறினாலோ காலமானாலோ பல ஆண்டுப் பட்டியல் அவரோடு போய்விடுகிறது என்பது தனி வருத்தம்.

சொந்த இணையதளம்

கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நிர்வாகிகளுக்கு வரும் ஆசை இது. உறுப்பினர் உள்நுழைவு, சந்தா கட்டும் வசதி, படத் தொகுப்பு எல்லாம் ஒரே இடத்தில். தெரிந்த பையன் ஒருவர் குறைந்த செலவில் வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில் தளம் கட்டித் தருவார். முதல் வருடம் நன்றாகவே இருக்கும்.

அப்புறம் அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கும். டொமைன் (தள முகவரி) அவர் பெயரில், ஹோஸ்டிங் (தளம் இயங்கும் இடம்) கடவுச்சொல் அவர் மின்னஞ்சலில். வேர்ட்பிரஸ் தளங்களில் ஓட்டை பெரும்பாலும் செருகுநிரல்களில்தான் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) வருகிறது. வாராவாரம் யாராவது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் தானியங்கி நிரல்கள் தேடி வந்து உள்ளே நுழையும். சபா பெயரைக் கூகுளில் தேடினால் கச்சேரிப் பட்டியலுக்குப் பதில் ஜப்பானிய எழுத்தில் போலிப் பொருள்களின் விளம்பரம் வரிசையாக நிற்கும். உலகம் முழுக்க நடக்கும் வகைத் தாக்குதல் இது. தளத்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும் என்பதால் நிர்வாகிகளுக்கு மாதக்கணக்கில் தெரியாமலே போகலாம்.

உறுப்பினர் உள்நுழைவு வைத்த நிமிடமே சட்டச் சுமையும் கூடுகிறது. மறையாக்கம், அணுகல் கட்டுப்பாடு, காப்பு நகல், யார் எப்போது எதைப் பார்த்தார்கள் என்ற பதிவுகளை ஓராண்டு வைத்திருப்பது என 2025 விதிகள் கேட்பவற்றைத் தன்னார்வலர்கள் நடத்தும் சபா சொந்தமாகச் செய்ய முடியாது. இந்த நான்கில் சிறிய அமைப்புக்கு நான் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லும் ஒரே வழி இது. நிகழ்ச்சி நிரலும் வரலாறும் மட்டும் உள்ள எளிய பக்கம் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். டொமைனைச் சபாவின் பெயரிலும் சபாவின் மின்னஞ்சலிலும் பதிவு செய்யுங்கள். அந்தத் தளத்தில் ஒருவருடைய விவரமும் வேண்டாம்.

டிக்கெட் தளம்

புக்மைஷோ, அல்லது எம்டிஎன்டி போலச் சபா நிகழ்ச்சிகளுக்கென்றே இயங்கும் தளம். இங்கே கிடைக்கும் பெரிய நிம்மதி, பணம் செலுத்துபவரின் அட்டை விவரம் உங்கள் பக்கமே வராது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் அட்டை எண்ணைச் சேமிக்கவே கூடாது. “அட்டையின் படத்தை அனுப்புங்கள், நாங்களே டிக்கெட் போட்டுவிடுகிறோம்” என்று வெளிநாட்டு ரசிகர்களுக்கு உதவும் பழக்கம் எங்காவது இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள்.

பெரிய தளம் உடையவே உடையாது என்று நம்பவும் வேண்டாம். உலகெங்கும் தொண்டு, கலை அமைப்புகளின் நன்கொடையாளர் பட்டியலைப் பராமரித்த பிளாக்பாட் நிறுவனத்தில் 2020இல் பணயத் தாக்குதல் (தரவைப் பிடித்துவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர்) நடந்தது. தங்கள் பக்கம் எந்தத் தவறும் செய்யாத அமைப்புகள் நன்கொடையாளர்களுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டிவந்தது. 2024இல் டிக்கெட்மாஸ்டர் என்ற பெரிய டிக்கெட் நிறுவனத்திலும் வாடிக்கையாளர் விவரங்கள் திருடுபோயின. இந்தியச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: உங்கள் சார்பில் தரவைக் கையாளும் நிறுவனம் தவறினாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாமல் பட்டியலைக் கொடுக்காதீர்கள்.

ஆனாலும் வெளி ஜன்னல் ஒன்று இருப்பது நல்லது என்பதற்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்ரா சாட்சி. 2022 டிசம்பரில் தாக்குதலால் அதன் இணையதளமும் டிக்கெட் விற்பனையும் ஒரு வாரத்துக்கு மேல் முடங்கின. நிகழ்ச்சிகள் நிற்கவில்லை, பக்கத்திலிருக்கும் லிங்கன் சென்டரின் தளம் வழியாக 50 டாலர் டிக்கெட் விற்றுச் சமாளித்தார்கள். அத்தனை பெரிய அரங்கமே அண்டை வீட்டு ஜன்னலை நம்பவேண்டி வந்தது.

டிக்கெட் தளத்தில் குறை இரண்டு. கமிஷன் போகிறது. யார் வந்தார்கள் என்பது உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டாவது குறையைப் பாதுகாப்புக் கண்ணால் பார்த்தால் அது நன்மைதான்: இல்லாத விவரம் திருடு போகாது. வாசலில் பணம் வாங்கினால் சபாவின் நடப்புக் கணக்குக்கான கியூஆர் அட்டை வையுங்கள், கூடவே ஒலிப்பெட்டியும். அட்டை மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகும் மோசடி வெகு சாதாரணம். பணம் வந்த குரல் கேட்காவிட்டால் முதல் ரசிகரிடமே அது தெரிந்துவிடும்.

அமைப்பின் பெயரில் பொதுக் கணக்கு

நான் பரிந்துரைப்பது இதைத்தான். லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்தவர்களுக்குக் கூகுள் தன் வொர்க்ஸ்பேஸை (அமைப்பின் பெயரில் மின்னஞ்சலும் கோப்புச் சேமிப்பும் தரும் சேவை) இலவசமாகத் தருகிறது. மைக்ரோசாஃப்டிடமும் இலவசத் திட்டம் உண்டு, ஆனால் அது தந்துவந்த 10 பிசினஸ் பிரீமியம் (கூடுதல் பாதுகாப்பு வசதிகள் உள்ள உயர் திட்டம்) உரிமங்களை 2025இல் நிறுத்திவிட்டது. இலவசம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று தெரிந்தே நுழையுங்கள்.

கைபேசி வழிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு பதவி மாற்றத்தின்போது தெரியும். அங்கே பழைய செயலாளரிடம் கெஞ்சிப் பட்டியல் வாங்க வேண்டும். இங்கே செயலாளர் என்ற மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றினால் முடிந்தது. கோப்பு ‘பகிர்ந்த இயக்ககத்தில்’ (shared drive), தனிநபருடையதாக இல்லாமல் அமைப்பின் சொத்தாகவே இருக்கிறது. பொருளாளருக்கு நன்கொடைக் கோப்பு மட்டும், ஒருங்கிணைப்பாளருக்குக் கலைஞர் கோப்பு மட்டும் என்று பிரித்துத் தரலாம். யார் திறந்தார்கள் என்ற பதிவும் ஓரளவு தானாகவே இருக்கும். “என் விவரத்தை நீக்குங்கள்” என்றால் ஒரே இடத்தில் நீக்கலாம்.

நிர்வாகி அதிகாரம் இரண்டு பேருக்கு. ஒருவர் என்றால் கைபேசிக் கதைதான் திரும்பும்; ஐந்து பேர் என்றால் ஐந்து வாசல். இருவருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு, முடிந்தால் பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதில் கைரேகையோ கைபேசிப் பூட்டோ கொண்டு உள்நுழையும் முறை). மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு உறையில் போட்டு, தீர்மானப் புத்தகம் இருக்கும் பீரோவில் பூட்டிவையுங்கள். இங்கே வழுக்கும் இடம் ஒன்றுதான்: ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற தேர்வு. அவசரத்தில் அதை ஒருமுறை அழுத்தினால் பான் எண்கள் எல்லாம் ஊர்ப் பொதுவில். வெளியே பகிர்வதையே நிர்வாகிக்கான கட்டுப்பாடுகளில் அடைத்துவிடலாம்.

கச்சேரிகளை ஒளிபரப்பும் யூடியூப் சேனலை இதே கணக்கின் கீழ் கொண்டுவாருங்கள். விளம்பரதாரர் என்று மின்னஞ்சல் அனுப்பி, சோதித்துப் பார்க்க மென்பொருள் தந்து, உலாவியின் குக்கீயை (நீங்கள் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் சிறு கோப்பு) திருடிச் சேனலைக் கைப்பற்றும் கும்பல்களைப் பற்றிக் கூகுளே 2021 அக்டோபரில் விரிவாக எழுதியது. குக்கீ போய்விட்டால் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் காப்பாற்றாது. எனவே கடவுச்சொல்லைப் பகிராமல் சேனல் அனுமதிகள் வழியாகப் பதிவேற்றத் தேவையான உரிமையை மட்டும் கொடுங்கள். சேனல் உரிமையாளர் கணக்கு அன்றாடம் புழங்கும் கணினியில் திறந்தே கிடக்க வேண்டாம். பல வருடக் கச்சேரிப் பதிவுகள் அங்கே இருக்கின்றன. பணத்தைவிட அதை இழப்பதுதான் எனக்குப் பதைக்கிறது.

காகிதப் பதிவேடு பற்றியும் ஒரு வார்த்தை. டிஜிட்டலாக மாறாத காகிதத்துக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. குழந்தையை யார் அழைத்துப்போவார்கள், என்ன ஒவ்வாமை என்பதெல்லாம் நோட்டில் இருப்பதே மேல். கைபேசியில் படம் எடுத்தால் சட்டமும் வந்துவிடும். கீழ்த்தளத்தில் மட்டும் வைக்காதீர்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னை மறந்திருக்காது.

எதை யார் எடுப்பது?

சொந்த டிக்கெட் விற்பனை இல்லாத பத்துப் பேர் நாடகக் குழுவுக்குப் பொதுக் கணக்கு ஒன்றும் வாட்ஸ்அப் ரகசிய எண்ணும் போதும். சில நூறு உறுப்பினர் உள்ள சபாவுக்குப் பட்டியல் பொதுக் கணக்கில், டிக்கெட் வெளித் தளத்தில். பணம் பறிபோனால் யோசிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பும். விவரங்கள் கசிந்தால், கடமைகள் நடைமுறைக்கு வந்தபின், பாதிக்கப்பட்டவர்களுக்கும் வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு விரிவான அறிக்கை 72 மணி நேரத்துக்குள்.

நடனப் பள்ளிக்குத்தான் பொறுப்பு அதிகம். 18 வயதுக்கு உட்பட்ட எவரும் சட்டப்படி குழந்தை. சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும், குழந்தைகள் தொடர்பான கடமையில் தவறினால் அபராதம் 200 கோடி வரை போகலாம். சேர்க்கைப் படிவத்தைத் தமிழிலேயே எழுதலாம், சட்டம் அதை ஏற்கிறது. வகுப்புக்கான ஒப்புதலும் இன்ஸ்டாகிராமில் படம் போடுவதற்கான ஒப்புதலும் தனித்தனிப் பெட்டிகளாக இருக்கட்டும். இரண்டாவது பெட்டியில் டிக் போடாத பெற்றோர் யார் யார் என்ற பட்டியலைச் சலங்கை பூஜைக்கும் அரங்கேற்றத்துக்கும் முன்பே படம் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு யாராவது ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் அந்தப் பதிவை நீக்குவது யார் வேலை என்பதையும் அதே தாளில் எழுதிவையுங்கள்.