மதுரை வெயிலில் ஒட்டு அடீனியம்: செடிக்கு முழு மதிப்பெண், கூட வரும் மண்ணுக்கு இல்லை

நிழலே விழாத மொட்டை மாடி எங்களுடையது. சித்திரையில் ரோஜா கருகிவிடும், செம்பருத்தி இரண்டு வேளையும் தண்ணீர் கேட்கும். அந்த வெயிலிலும் கொத்துக் கொத்தாகப் பூப்பது அடீனியம் என்கிற பாலைவன ரோஜாதான். சஹாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட ஆப்பிரிக்காவும், ஏமன், ஓமான் பக்கமும்தான் இதன் பூர்வீகம். அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் வெயிலைப் பற்றிக் கவலையே இல்லை.

நான் வாங்கியது அடுக்குச் சிவப்பு, ஒட்டுச் செடி, 350 ரூபாய். ஒட்டு என்பதால் சின்னச் செடியிலேயே பூ வந்துவிட்டது, நிறமும் கேட்டதுதான். வாங்கும்போது அடித்தண்டு நன்றாகப் பருத்திருக்கிறதா என்று பாருங்கள். விதையில் வளர்ந்த செடிமேல் ஒட்டு கட்டியிருந்தால்தான் அந்தப் பருமன் வரும். குச்சி நட்டு வளர்த்ததில் பெரும்பாலும் அது வராது. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அடியில் இருக்கும் விதைச்செடி ஒட்டை மீறி வளர்ந்துவிடும்.

குறை மண்ணில்தான். நர்சரிப் பையில் இருந்தது களிமண்ணும் தேங்காய் நார்த்தூளும். “அண்ணே, இதுல தண்ணி நிக்குமே” என்றேன். “தினமும் ஊத்துங்க தம்பி, நல்லா பூக்கும்” என்றார் நர்சரிக்காரர். இந்த யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த மண்ணை உதிர்த்துவிட்டு, வேரை ஓரிரு நாள் நிழலில் ஆறவிட்டேன். அப்புறம் கரடுமுரடான ஆற்று மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நட்டேன். நட்டவுடன் தண்ணீர் விடவில்லை. இப்போதும் மேல்மண் நன்றாகக் காய்ந்தால்தான் தண்ணீர்.

நம் ஊரில் இந்தச் செடிக்கு ஆபத்து ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திவிடுங்கள். அடித்தண்டை அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம்: காய்ந்த மண்ணில் தளர்ந்திருந்தால் தாகம், ஈர மண்ணில் கொழகொழவென்று இருந்தால் அழுகல். அழுகலென்றால் செடியைப் பிடுங்கி, கெட்ட பகுதியை வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டி, நன்றாகக் காயவிட்டு மறுபடி நட வேண்டும். மார்கழியில் இலை உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், தண்ணீரைக் குறைத்தால் போதும். மாசியில் கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், புதுக் கிளைகள் பெருகும். பூ கிளை நுனியில்தானே வருகிறது!

அரளிக் குடும்பம் என்பதால் அரளியைத் தின்னும் அதே பச்சைப் புழு இதற்கும் வரும். பெரிய புழு, கையாலேயே எடுத்துவிடலாம். செடியை வெட்டினால் வடியும் பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். கவாத்தின்போது கையுறை போடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பூதான் முக்கியம் என்றால் ஒட்டுக்கு 350 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். தண்டின் வடிவத்தை ரசிப்பவர்கள் விலை குறைந்த விதைக்கன்றையே வாங்கி, ஒவ்வொரு முறை தொட்டி மாற்றும்போதும் பருத்த அடிப்பகுதி வெளியே தெரியும்படி கொஞ்சம் உயர்த்தி நடுங்கள்.