மங்கலாக எரியும் சார்ஜிங் விளக்கு: கோரிமேடு சாலைப் பட்டறை ஒன்றின் வேலைத்தரம்

சேலத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும், அதிலேயே ஏற்காட்டுக்கு ஏறி இறங்குபவர்களுக்கும் ஒரு பட்டறையைப் பரிந்துரைக்க விரும்புகிறேன். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு செல்லும் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், பெயர்ப்பலகை இல்லாமல், தகரக் கூரையின் கீழ் நடக்கும் ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறை அது. நிரந்தரமாக இருக்கும் பழுதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வந்து வந்து போகும் பழுதைப் பிடிக்கப் பொறுமையும் முறையும் தேவை. அந்த இரண்டும் இங்கே இருக்கின்றன.

என்னுடையது 2003-ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரையுள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளில், மாலை இருட்டிய பிறகு, முகப்பு விளக்கும் வைப்பரும் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் டேஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு தோன்றும். மேலே ஏற்காட்டின் ஒண்டிக்கடை வந்து சமதளத்தில் நின்றால் மறைந்துவிடும். இதற்கு முன் காட்டிய ஒரு பணிமனையில், குளிர்ந்த இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டர் வைத்து, 14.1 வோல்ட் வருவதைப் பார்த்துவிட்டுப் பேட்டரியை மாற்றினார்கள். விளக்கு மறுபடி வந்ததும், அடுத்தது ஆல்டர்னேட்டர்தான், அதாவது இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவிதான், என்று விலை சொன்னார்கள். அவர்கள் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் கருதவில்லை. ஆனால், பழுது தலைகாட்டாத நிலையில் எடுத்த அளவை வைத்து முடிவு சொன்னார்கள்.

கோரிமேடு பட்டறைக்காரர் பானட்டைத் திறக்கும் முன் கேட்ட முதல் கேள்வி இது: “லைட்டு பளிச்சுன்னு எரியுதுங்களா, இல்ல மங்கலாத் தெரியுதுங்களா?” மங்கலாகத்தான் எரியும் என்றேன். அந்தக் கேள்வியின் அருமையை அவர் விளக்கியபோதுதான் புரிந்துகொண்டேன். இத்தகைய பழைய கார்களில் அந்த எச்சரிக்கை விளக்கின் ஒரு முனை இக்னிஷன் வழியாகப் பேட்டரியோடும், மறுமுனை ஆல்டர்னேட்டரோடும் இணைந்திருக்கும். இரண்டு பக்கமும் வோல்ட் சமமாக இருந்தால் விளக்கில் மின்சாரம் ஓடாது, அணைந்திருக்கும். ஆல்டர்னேட்டர் அடியோடு நின்றுபோனால் விளக்கு முழு வெளிச்சத்தில் எரியும். மங்கலாக எரிந்தால், ஆல்டர்னேட்டர் ஓரளவு வேலை செய்கிறது, ஆனால் இரு பக்கத்துக்கும் நடுவே சில வோல்ட் வித்தியாசம் இருக்கிறது என்று பொருள். காரணம் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடாக இருக்கலாம், அதிலேயே தேய்ந்த கார்பன் பிரஷ்ஷாக இருக்கலாம், பேட்டரிக்குப் போகும் சார்ஜிங் வயராகவும் இருக்கலாம்.

பிறகு நடந்த சோதனையை ஒவ்வொரு வாகன உரிமையாளரும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓடவிட்டு, முகப்பு விளக்கு, புளோயர், வைப்பர் அனைத்தையும் போட்டு, உதவிக்கு இருந்த தம்பியை ஆக்சிலரேட்டரை, இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று ஓடும்படி பிடிக்கச் சொன்னார். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னாலுள்ள போல்ட்டிலும், மறுமுனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வைத்தார். இப்படி வைத்தால் இடையிலுள்ள வயர் விழுங்கும் வோல்ட் மட்டும் மீட்டரில் தெரியும், 0.2, 0.3-க்கு மேல் போகக் கூடாது. 0.4 காட்டியது. இதோடு நிறுத்தாமல், வளைவில் ஏறும்போது இன்ஜின் தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டில் எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம் வயர்க் கொத்தை மெல்ல இழுத்தார். மீட்டர் 2.1-க்குத் தாவியது, உள்ளே டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு மங்கலாக எழுந்தது. மலையில் மட்டுமே காட்டிய முகத்தைப் பட்டறைக்குள் காட்ட வைத்துவிட்டார்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு கறுப்பு டேப்பைப் பிரித்தபோது, வயரின் முனையிலிருந்த செம்பு லக்கின் (போல்ட்டில் மாட்டும் வளையத்தின்) கழுத்தில் பெரும்பாலான இழைகள் பச்சை பூத்து அறுந்திருந்தன. மேலுறை ஒரு விரற்கடை நீளத்துக்குக் கருகிப் பழுப்பாகியிருந்தது. 20 ஆம்பியர் ஓடும் இடத்தில் 2 வோல்ட் வீணானால், அந்தச் சிறு இணைப்பிலேயே 40 வாட் வெப்பம் உண்டாகும். தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது என்பதை அவர் மிகைப்படுத்தாமல், மறைக்காமல் சொன்னார்.

கருகிய பகுதியை வெட்டி, அதே தடிமனில் புது வயர் சேர்த்து, புது லக்கை கிரிம்ப் செய்து, அதாவது வயர்மேல் அழுத்திப் பொருத்தி, ஈயமும் வைத்தார். முன்பு யாரோ கழற்றிவிட்டுப் பொருத்தாமல் போன கிளாம்பை மீண்டும் போட்டு, இன்ஜின் அசைவுக்கு ஏற்பச் சிறிது தளர்ச்சியும் விட்டார். பெல்ட்டையும் கார்பன் பிரஷ்ஷையும் பார்த்துவிட்டு, இரண்டும் இன்னும் ஓடும், மாற்றத் தேவையில்லை என்று திருப்பிப் பொருத்தினார். மறுசோதனையில் அதே சுமையில் 0.15 வோல்ட். மொத்தக் கட்டணம் 850 ரூபாய்.

குறைகளும் உண்டு. முன்கூட்டி நேரம் தருவதில்லை. சோதனையையும் வேலையையும் ஒருவரே பார்ப்பதால் அரை நாள் காத்திருக்க வேண்டும். எடுத்த அளவுகளை எழுதித் தரும் வழக்கம் இல்லை. நான் கேட்டபின் துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்தார். இதை எல்லா வாடிக்கையாளருக்கும் அவர் செய்ய வேண்டும், ஏனெனில் அடுத்த முறை ஒப்பிட அந்த எண்கள்தான் உதவும். கணினி வழியாகச் சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளுக்குத் தன்னிடம் ஸ்கேனர் இல்லை என்று அவரே சொல்லி அனுப்பிவிடுகிறார். அங்கே போகிறவர்கள் விளக்கு எப்போது வருகிறது, எந்த வளைவில், என்னென்ன சுவிட்சுகள் போட்டிருந்தபோது, மழையிலா வெயிலிலா என்பதைக் குறித்துக்கொண்டு போனால், அவருக்குப் பாதி வேலை மிச்சம்.