ஒரு கடைவாய்ப்பல் போனால்: பிரிட்ஜா, இம்ப்ளான்ட்டா?

கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்தாயிற்று. இரு பக்கத்துப் பற்களும் சொத்தையில்லாமல் இருக்கின்றன என்றால் என் ஓட்டு, பக்கத்துப் பற்கள் தாங்கும் பிரிட்ஜுக்கு அல்ல, எலும்பில் பதிக்கும் இம்ப்ளான்ட்டுக்குத்தான்.

செலவும் நாள்கணக்கும் பிரிட்ஜுக்கே சாதகம். இரண்டு மூன்று முறை போய்வந்தால் பல் கட்டி முடிந்துவிடும். இம்ப்ளான்ட்டில் டைட்டானியம் திருகை எலும்பில் பதித்து, எலும்பு அதை இறுகப் பற்ற வழக்கமாக 3 மாதம் விட்டு, பிறகு கேப் மாட்டுவார்கள்.

ஆனால் பத்து வருடம் கழித்துக் கணக்குப் பார்க்க வைப்பது சுத்தம் செய்கிற வேலைதான். பிரிட்ஜ் என்பது ஒட்டிப்பிறந்த மூன்று கேப். இரு ஓரப் பற்களையும் சுற்றிலும் மேலேயும் 1 முதல் 2 மி.மீ. வரை செதுக்கித்தான் மாட்ட முடியும். செதுக்கிய எனாமல் திரும்ப வளராது. மூன்றும் ஒன்றாக இருப்பதால் சாதாரண ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) மேலிருந்து இறங்காது. சூப்பர் ஃப்ளாஸின் விறைப்பான நுனியை நடுவிலுள்ள செயற்கைப் பல்லின் அடியில் கோத்து, பஞ்சுப் பகுதி உள்ளே வரும்வரை இழுத்து, முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டும். தினமும். விட்டால் கேப்பின் விளிம்பில் அழுக்குப் படலம் தங்கி, சிமெண்ட் கரைந்த இடம் வழியாகச் சொத்தை நுழையும். அந்தப் பல் ரூட் கெனால் செய்ததாக இருந்தால் வலிக்கவும் வலிக்காது. துர்நாற்றமோ, பிரிட்ஜின் ஒரு முனை லேசாக ஆடுவதோதான் காட்டிக்கொடுக்கும். ஒரு பல்லைப் பார்க்க மூன்றையும் கழற்ற வேண்டிவரும். தாங்கிய பல்லும் போனால் இடைவெளி இரண்டாகிவிடும்.

இம்ப்ளான்ட் தனியாக நிற்பதால் இரு பக்கமும் ஃப்ளாஸ் இறங்கும். சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறில் தொற்று வந்து எலும்பு கரையலாம்; புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் அந்த அபாயம் கூடுதல். கேப் ஆடினால் பெரும்பாலும் அதைப் பிடித்திருக்கும் உள்திருகு தளர்ந்திருக்கும். அந்தப் பக்கம் மெல்லாமல் உடனே போய் இறுக்கிக்கொள்ளுங்கள். நாள் கடத்தினால் திருகு உள்ளேயே முறியலாம்.

பக்கத்துப் பற்களுக்கு எப்படியும் கேப் போட வேண்டும் என்றால் பிரிட்ஜே போதும். செதுக்குகிறார்களே என்ற குறை அங்கே எழாது. புற்றுநோய்க்காக எலும்பை வலுவாக்கும் ஊசி போடுபவர்களுக்கும் தாடையில் அறுவை செய்யாத வழியே நல்லது. மேல்தாடைக் கடைவாய்க்கு இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அங்கே சைனஸ் என்ற காற்றறை வேருக்கு அருகிலேயே இருக்கும். எலும்பின் உயரம் போதாமல் எலும்புத்தூள் வைக்க வேண்டிவந்தால் செலவும் காத்திருப்பும் ஏறும். தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.