பேட்டரித் தண்ணீரும் தட்டு ஸ்டாண்டும்: எட்டு வருஷம் ரெக்கார்டு கழுவிய அனுபவம்

என்னிடம் இருப்பது 200 சொச்சம் ரெக்கார்டுகள், பாட்டு இசைத்தட்டுகள். முக்கால்வாசி அப்பா ஏற்காட்டில் காபி எஸ்டேட் கிளார்க்காக இருந்தபோது சேர்த்தவை. பெரிய தட்டான எல்பி, சின்னத் தட்டான ஈபி, அதோடு ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தாத்தா காலத்து 78, நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு. 2017-இல் அவற்றை மலையிலிருந்து இறக்கிச் சேலம் கன்னங்குறிச்சி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 30 மட்டும் இன்னும் மேலே சித்தப்பா வீட்டில் இருக்கின்றன. அன்று கழுவ ஆரம்பித்தவன், இன்னும் கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எது உதவியது என்று ஒரு வார்த்தையில் கேட்டால், தண்ணீர். பிரஷ்ஷுக்கும் துணிக்கும் விதவிதமான திரவத்துக்கும் கொட்டிய காசில் பாதி வீண்.

முதல் வருஷம் குழாயைத் திறந்து அப்படியே கழுவினேன். எங்கள் போர் தண்ணீரைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாத்ரூம் வாளியைப் பார்த்தாலே தெரியும், உள்பக்கம் வெள்ளைவெளேர் என்று படிந்திருக்கும். கழுவி, ஃபேன் காற்றில் காயவைத்து எடுத்தால் ரெக்கார்டு பளபளவென்று இருந்தது. முள்ளை வைத்தால் கடுகு தாளிக்கிற சத்தம், அதுவும் கழுவுவதற்கு முன்பு இருந்ததைவிட அதிகமாக. காரணம் பிடிபட ஒரு மாதம் ஆனது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதில் கரைந்த உப்பு எங்கே போகும்? முள் ஓடும் கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். ஒரு பக்கத்தில் ஓடுவது ஒரே கோடுதான். 22 நிமிஷப் பக்கம் ஒன்றின் கோட்டை நீட்டிப் போட்டால் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் வரும். அத்தனை தூரத்துக்கும் நான் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன். போர் தண்ணீர் 1,100 காட்டியது, ஆர்ஓ தண்ணீர் 60. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற 5 லிட்டர் கேனில் விற்கிறார்களே, அந்த டிஸ்டில்டு வாட்டர் 2. அன்றிலிருந்து அதுதான். ஆனால் பேட்டரித் தண்ணீர் எல்லாம் ஒரே தரம் என்று நம்பிவிடாதீர்கள். புதுக் கேன் திறந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுவேன். வட்டமாகத் தடம் விழுந்தால் அந்தக் கேன் பேட்டரிக்கே போகட்டும். மீட்டரைவிட இந்தக் கண்ணாடிச் சோதனைதான் எனக்கு நம்பிக்கை.

இப்போதைய என் முறை ரொம்பச் சாதாரணம். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் மேல்தூசி. அதை விட்டுவிட்டு ஈரத்தைப் போட்டால் தூசி சேறாகிக் கோட்டுக்குள் இறங்கும். நடுவில் இருக்கும் காகித லேபிளை அதே அளவு பிளாஸ்டிக் டப்பா மூடியால் மூடிக்கொண்டு, டிஸ்டில்டு வாட்டரைத் தெளித்து இரண்டு நிமிஷம் ஊறவிடுவேன். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பு. குறுக்கே ஒருபோதும் இல்லை. கைப்பிசுக்கு, விரல்ரேகை இருந்தால் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்ப்பேன். மெடிக்கலில் சர்ஜிகல் ஸ்பிரிட் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். சில வகையில் விளக்கெண்ணெய் சேர்ப்பதுண்டு, வேண்டாம். கடைசியில் வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு தடவை. இந்தக் கடைசிச் சுற்றைச் சோம்பலில் விட்டுவிட்டால் முன்னால் செய்தது அத்தனையும் தண்டம்.

காயவைப்பது சமையலறை எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டில். கம்பி கீறாமல் இருக்க மீன்தொட்டிக்குப் போடும் ரப்பர் டியூபை வெட்டி மாட்டியிருக்கிறேன். "உங்க தட்டுக்கு ஸ்டாண்டு, எங்க தட்டு தரையிலயா?" என்று வீட்டில் கேட்ட பிறகு இரண்டாவது ஸ்டாண்டு வாங்கினேன். இந்த எட்டு வருஷத்தில் வாங்கியதிலேயே உருப்படியான சாமான் அதுதான்.

அம்மா பட்டுப்புடவைக்குப் போடும் பூந்திக்கொட்டையைச் சிபாரிசு செய்தார். நுரை அருமையாக வந்தது. உடைந்துபோன ஒரு ஈபியில் சோதித்துப் பார்த்தேன், பழுப்பாக ஒரு படலம் நின்றுவிட்டது. புடவையோடு இருக்கட்டும்.

இனி, செய்த பாவம். தாத்தாவின் 78 ஒன்றையும் அதே ஆல்கஹால் கலவையில் துடைத்தேன். துணி கறுப்பாக வந்தது. எழுபது வருஷத்து அழுக்கு என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் துடைத்தேன். மறுபடியும் கறுப்பு. அன்றைக்கு ரெக்கார்டு அலமாரி அடிக்க வந்திருந்த ஆசாரி எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது அரக்காட்டம் இருக்குதுங்க. ஸ்பிரிட்டுல அரக்கக் கரைச்சுத்தான நாங்க பாலீஷே போடறோம்" என்றார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. 78 என்பது பிளாஸ்டிக் அல்ல. அரக்கோடு கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்தியது. நான் துடைத்து எடுத்தது அழுக்கை அல்ல, ரெக்கார்டையே. அந்தப் பக்கம் இன்று மங்கிப்போய், மணலில் நடப்பது போல இரைகிறது. அதனால் 78 வைத்திருப்பவர்கள் ஆல்கஹால் பாட்டிலை அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோகாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் நனைத்துப் பிழிந்த துணி, ஊறவிடாமல் ஒரு துடைப்பு, உடனே உலர்த்தல், அவ்வளவுதான். எல்பி முள்ளால் 78-ஐ ஓட்டவும் வேண்டாம். அதன் கோடு அகலம், முள் அடியில் போய் உட்கார்ந்து இருக்கிற குப்பையைத்தான் வாசிக்கும்.

கழுவுவதைவிட வைத்துக்கொள்வதுதான் பெரிய வேலை. சேலமும் ஏற்காடும் 20 கொண்டை ஊசி வளைவு தூரத்தில்தான் இருக்கின்றன, ரெக்கார்டுக்கு இரண்டும் வேறு வேறு தேசம். மேலே, 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து போகும். உறைக்குள் கை விட்டால் காகிதம் சில்லென்று ரெக்கார்டோடு ஒட்டிக்கொண்டு வரும், வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். நான் முதலில் ரெக்கார்டை மட்டும் கழுவிப் பழைய காகித உறைக்குள்ளேயே போட்டு வைத்தேன். அடுத்த ஆடியில் பூஞ்சை மறுபடி வந்துவிட்டது. விதை உறையில் அல்லவா இருக்கிறது! உள் உறைகளை மொத்தமாக வீசிவிட்டு மெல்லிய பாலிதீன் உறை போட்ட பிறகுதான் அடங்கியது. படம் போட்ட வெளி அட்டையை வெயிலில் வைக்கலாம், ரெக்கார்டு எக்காரணம் கொண்டும் நிழலில்தான். மேலே அலமாரியில் சிலிக்கா ஜெல் மூட்டை போட்டிருக்கிறேன். சித்தி மாதம் ஒரு தடவை அதை வாணலியில் சூடாக்கி ஈரத்தை விரட்டிவிட்டுத் திருப்பி வைக்கிறார்.

கீழே பூஞ்சை இல்லை, வெயில் இருக்கிறது. 2019 ஏப்ரலில் நான்கு எல்பிகளைக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு இறங்கியவன், ஐந்து ரோடு பக்கம் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். முக்கால் மணி நேரம். திரும்பி வந்தால் மேலே இருந்த இரண்டும் பொரித்த அப்பளம். எல்பியின் வினைல் பிளாஸ்டிக் 60 டிகிரியைத் தாண்டினால் நெளிய ஆரம்பித்துவிடும், மூடிய கார் வெயிலில் அந்தச் சூட்டைச் சுலபமாக எட்டும். இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவே வைத்து மாதக்கணக்கில் பாரம் ஏற்றிப் பார்த்தேன். ஒன்று ஓரளவு தேறியது. இன்னொன்றில் முள் இன்றும் படகு சவாரி போகிறது. மொட்டை மாடிக்கு அடுத்த கீழ்த்தளம், மேற்குச் சுவர், பரண் மூன்றும் எங்கள் வீட்டில் ரெக்கார்டுக்குத் தடை செய்யப்பட்ட பகுதிகள். அடுக்கி வைப்பதும் கூடாது, புத்தகம் போல நிமிர்த்தி நிறுத்த வேண்டும். கெட்டியான பிவிசி பிளாஸ்டிக் உறையும் சேலத்துச் சூட்டுக்கு ஆகாது. என்னிடம் ஆறு எல்பிகளில் பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல் விழுந்து, எதைப் போட்டும் போகவில்லை.

மாசி பிறந்தால் சேலத்தில் உறையிலிருந்து உருவும்போதே சடசடவென்று நிலைமின்சாரம், கை முடி எழுந்து நிற்கும், தூசி தேடி வந்து ஒட்டும். அந்த மின்சாரத்தை இறக்கும் கார்பன் ஃபைபர் பிரஷ் இங்கே தினப்படி தேவை. சித்தப்பா வீட்டுக்கு வாங்கிக் கொடுத்ததோ பெட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி ஒன்று இருக்கிறது. ஹீட்டரை அணைத்துவிட்டுச் சோதித்தோம். 7 அங்குல ஈபி மட்டும்தான் அதற்குள் சுற்றியது, எல்பி நுழையவே இல்லை. ஈபியில் சத்தம் உண்மையிலேயே நன்றாகத் தெளிந்தது. ஆனால் என் கைத்துடைப்பைவிடப் பத்து மடங்கு நன்றா என்றால் இல்லை. முள்ளைத் தாங்கும் கை கனமாக இருந்த பழைய பிளேயரில் ஓடி ஓடிக் கோடு சாம்பல் நிறமாகிப்போன ரெக்கார்டை எந்தத் தொட்டியும் மீட்காது.

அந்த நண்பன் கண்ணில் செருகிப் பார்க்கும் நகைத் தட்டான் லென்ஸ் ஒன்றைக் கொடுத்தான். தொட்டியைவிட அதுதான் லாபம். அப்பாவுக்குப் பிடித்த ஒரு எல்பியில் இரண்டாவது பாட்டின் நடுவே டிக், டிக் என்று வரும். சரியாக 1.8 வினாடிக்கு ஒன்று. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்பியில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதுதான், ஆகவே ஒரே இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. கீறல் என்றே முப்பது வருஷமாக எல்லோரும் நினைத்திருந்தோம். லென்ஸில் பார்த்தால் கீறல் இல்லை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பழுப்புப் பொட்டு, கோட்டின் ஏழெட்டுச் சுற்றை அடைத்துக்கொண்டு, பாகு மாதிரி மின்னியது. சர்க்கரை போட்ட காபி. ஆல்கஹாலால் துடைத்தேன், அசையவில்லை. டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சை அதன் மேல் வைத்து இருபது நிமிஷம் விட்டேன். தானாகக் கரைந்து பஞ்சில் வந்துவிட்டது.

மாலையில் அந்தப் பக்கத்தைப் போட்டேன். அப்பா ஈஸிசேரில் டம்ளரோடு கேட்டுக்கொண்டிருந்தவர், பாட்டின் நடுவில் நிமிர்ந்தார்.

"இந்த இடத்துல டிக்குனு வருமேடா?"

"காபிப்பா. எடுத்துட்டேன்."

ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைப் பிளேயர் பக்கத்துக் கையிலிருந்து அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.