வெள்ளவத்தை ஹார்ட் டிஸ்க் கடையும் ஒரு மேட்ச் குறைந்த அண்டர்டேக்கரும்

கடையின் பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் யாராவது போய் அங்கிளுடன் சண்டை பிடிப்பீர்கள். அவர் செய்கிற வியாபாரம் சட்டத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் நான் இங்கே கிண்டவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் லேன் ஒன்றில், தையல் கடைக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே குனிந்து நுழைய வேண்டிய இடம் அது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதலில் வீடியோ கசெட் வாடகைக்குக் கொடுத்தார், பிறகு விசிடி, பிறகு டிவிடி, இப்போது பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ கொண்டுபோனால் கேட்டதை நிரப்பித் தருகிறார். ரயில் போகும்போது கடை முழுவதும் ஒருமுறை அதிரும், அவரும் கதையை நிறுத்திவிட்டு ரயில் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் போன காரணம் என் மருமகன். 12 வயது. ஃபோனில் ஏதோ ஒரு துண்டு வீடியோவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான், எட்டிப் பார்த்தால் 2019இல் ஜெட்டாவில் கோல்ட்பேர்க்குடன், பேய் வேடத்தில் வருகிற அண்டர்டேக்கர் மோதிய டபிள்யூடபிள்யூஈ ரெஸ்லிங் போட்டி. இரண்டு பேரின் வயதையும் கூட்டினால் 106. ஒருவர் மற்றவரைத் தூக்கப் போய் இருவருமே சரிகிறார்கள். "மாமா, இந்தக் கிழவரையா நீங்கள் பேய் என்று சொன்னீர்கள்?" என்று கேட்டான். எங்கள் காலத்தில் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர், ஒன்று போனால் மற்றது வரும், 1994இல் ஒரு அண்டர்டேக்கர் செத்துத்தான் இன்னொருவர் வந்தார் என்று கொட்டாஞ்சேனையில் என்னோடு படித்த பெடியன்கள் சத்தியம் செய்வார்கள். (உண்மையில் அவர் முதுகு வலிக்குச் சில மாதம் ஓய்வெடுத்தார், அந்த இடைவெளியில் வேறொருவருக்கு அதே உடுப்பைப் போட்டு இறக்கினார்கள், அவ்வளவுதான்.) அப்படி நம்பிய மனிதனை ஒரு 30 செக்கன் வீடியோவை வைத்துச் சிரித்தால் எப்படி இருக்கும். அடுத்த நாளே ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அங்கிளிடம் போய்விட்டேன்.

கேட்டது: 2009 முதல் 2020 வரை, அண்டர்டேக்கரின் பெரிய போட்டிகள் எல்லாம், ஒன்றும் விடாமல். விலை 2500 ரூபா சொன்னார், பேரம் பேசவில்லை. பின்னேரம் வரச் சொன்னார். போனால் இன்னும் பாதிதான் ஏறியிருந்தது, ஏனென்றால் அவருடைய கம்ப்யூட்டரின் முன்பக்க யூஎஸ்பி பழையது, பின்பக்கத்தில் புதியது இருக்கிறது, ஆனால் அதில் அவருடைய மேசை விளக்கு செருகியிருக்கிறது. அதைக் கழற்றச் சொல்லிக் கேட்டேன். "விளக்கில்லாமல் எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி" என்றார். ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன், பிளேன்டீ வந்தது, அதற்குக் காசு எடுக்கவில்லை.

ஆனால் ஃபோல்டர் வைத்திருந்த விதத்தைச் சொல்ல வேண்டும், இதற்காகவே நான் இந்தக் கடையைச் சிபாரிசு செய்வேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் வருடம், ஊர், எதிராளி, நிமிடம் என்று தமிழில் பெயர் போட்டிருக்கிறார். சிலவற்றுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. அவற்றை மட்டும் பார்த்தாலும் போதும் என்று அர்த்தமாம். இணையத்தில் தேடினால் எல்லாம் கிடைக்கும்தான், ஆனால் இப்படி வரிசையாகக் கிடைக்காது. வரிசையாகப் பார்க்கும்போதுதான் ஒரு மனிதன் வயதாகிறது தெரிகிறது.

முதல் நட்சத்திரம் 2009 ஹூஸ்டன், வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற ரெஸில்மேனியா என்ற பெரிய நிகழ்ச்சி, எதிராளி ஷோன் மைக்கல்ஸ். படம் நல்ல தெளிவு. அண்டர்டேக்கருக்கு அப்போது 44 வயது, பிறந்த ஊரும் அதுதான். மேல் கயிற்றைத் தாண்டி வெளியே பாய்கிறார், பிடிக்க வேண்டியவன் சரியாகப் பிடிக்கவில்லை, தலை நேராகத் தரையில் போய் இறங்குகிறது. மருமகன் சிரிப்பதை நிறுத்தியது அந்த இடத்தில்தான். இந்த உயரத்திலும் எடையிலும் ஒருவர் அப்படி விழுந்த பிறகு எழும்பி இன்னும் அவ்வளவு நேரம் மோதியது அவனுக்கு நம்ப முடியவில்லை. அடுத்த வருடம் அதே இருவர், மைக்கல்ஸ் தோற்றால் ரெஸ்லிங்கை விட வேண்டும் என்ற பந்தயத்தோடு, மைக்கல்ஸ் தோற்றுப் போனார்.

2011 அட்லாண்டா, ட்ரிபிள் எச்சுடன். வென்றவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள், தோற்றவர் தன் காலில் நடந்து போகிறார். 2012 மயாமி, கூண்டுக்குள், அதே ட்ரிபிள் எச், நடுவராக மைக்கல்ஸ். முடிந்ததும் மூன்று பேரும் தோளில் கைபோட்டு மேடைக்கு ஏறிப் போகிற அந்தக் காட்சி. ரெஸில்மேனியாவில் 20 வெற்றி, தோல்வியே இல்லை. என்னைக் கேட்டால் மனிதர் அன்றே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். இதை அங்கிளிடமும் சொன்னேன், "அண்டைக்கே கடையைப் பூட்டியிருக்கலாம் எண்டு எல்லாருக்கும் சொல்லலாம்தான்" என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, ரயிலும் வந்துவிட்டது.

2013 நியூ ஜேர்சி, சீஎம் பங்க், இதற்கும் நட்சத்திரம். அண்டர்டேக்கரோடு கலசத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற வெள்ளை முகக்காரர், "போல் பேரர்" என்ற மேனேஜர், செத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதையே கதையாக்கி விற்றது அன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் மேட்ச் அருமை.

இப்போது குறைக்கு வருகிறேன். 2013க்கு அடுத்த ஃபைல் 2015, சாண்டா கிளாரா, பிரே வயட். 2014 இல்லை. நான் முதலில் கொப்பியாகும்போது விடுபட்டிருக்கும் என்று நினைத்தேன். 2014 ஏப்ரல் 6, நியூ ஓர்லியன்ஸ், ரெஸில்மேனியாவில் 21 வெற்றிக்குப் பிறகு அண்டர்டேக்கரை முதல்முறையாக புரொக் லெஸ்னர் தோற்கடித்த போட்டி. எங்களுக்கு அது திங்கட்கிழமை விடிய. நான் 100ஆம் நம்பர் பஸ்ஸில் பம்பலப்பிட்டியில் நின்றபடி ஃபோனில் முடிவைப் பார்த்து, யாரோ பகிடிக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, கொள்ளுப்பிட்டி தாண்டித்தான் நம்பினேன். அந்த ஒரு ஃபைல் இல்லாமல் என்ன தொகுப்பு?

திரும்பப் போய்க் கேட்டேன். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அது விடுபடேல்ல தம்பி, நான்தான் போடேல்ல. அதைப் பாத்து என்ன செய்யப் போறீர்?" என்றார். யார் கேட்டாலும் போட மாட்டாராம். சரி, 2017இல் ரோமன் ரெயின்ஸிடம் தோற்றதை மட்டும் ஏன் போட்டீர்கள் என்றால், ரெஸ்லிங்கில் யார் வெல்வது என்று முன்கூட்டியே எழுதிவைப்பார்கள், அது வளரும் பெடியனுக்குப் பெரியவர் வழிவிட்டது, அது முறை, லெஸ்னருக்கு என்ன குறைவு, அவனுக்கு எதற்கு அது என்று வாதம். இந்த வாதத்தை நான் 2014இலும் கேட்டிருக்கிறேன், உலகம் முழுக்கக் கேட்டார்கள். ஆனால் 2500 ரூபா வாங்கிக்கொண்டு ஒரு கடைக்காரர் இதைத் தீர்மானிப்பது சரியில்லை. அவருடைய சொந்தச் சேகரிப்பில் வைத்திருக்கலாம், விடலாம். என்னுடைய ஹார்ட் டிஸ்க் என்னுடையது.

அதைவிட, அந்தப் போட்டியைப் பார்க்காவிட்டால் பிறகு வருகிற எதுவுமே விளங்காது. நல்ல மேட்ச் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன், மந்தமாகப் போகிறது, ஏனென்றால் மனிதருக்கு நடுவிலேயே தலையில் அடிபட்டுவிட்டது, அந்த நாளே தனக்கு நினைவில்லை என்று அவரே பின்னால் சொன்னார். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். அப்படி முடிந்த ஒருவர் அதோடு போகாமல் இன்னும் ஆறு வருடம் ஏன் திரும்பத் திரும்ப வந்தார் என்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. அந்த முடிவை வேறொரு முடிவால் அழிக்கப் பார்த்தார். அங்கிளின் ஃபோல்டரில் அந்த ஓட்டை இருப்பதால், 2015இல் திடீரென்று மெலிந்து, கண் குழிவிழுந்து ஒருவர் வருகிறார், மருமகன் "இவருக்கு வருத்தமா?" என்று கேட்கிறான்.

2016 டல்லஸ் பக்கம், ஷேன் மக்மஹோன் கூண்டு உச்சியிலிருந்து பாய்ந்தது, 101,763 பேர் வந்ததாக அறிவித்தார்கள். அந்தப் பாய்ச்சலைத் தவிர மீதியை ஓடவிட்டுப் பாருங்கள். 2017 ஓர்லாண்டோ பார்க்கக் கஷ்டமானது, இடுப்பு ஒத்துழைக்கவில்லை, கடைசியில் கையுறை, கோட்டு, தொப்பி மூன்றையும் நடு ரிங்கில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார். அழாதவர்கள் இல்லை. ஆனால் அடுத்த வருடமே திரும்ப வந்து ஜோன் சீனாவை மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட்டார், அப்போ நாங்கள் அழுதது எதற்கு? 2018 ரியாத் நான்கு பேர் மேட்ச், அண்டர்டேக்கரின் கூட்டாளி கேனின் முகமூடி கழன்று விழுகிறது, ட்ரிபிள் எச்சுக்கு நெஞ்சுத் தசை கிழிகிறது, எட்டு வருடம் முன்பு விடைபெற்ற மைக்கல்ஸ் மொட்டைத் தலையோடு நிற்கிறார். ஃபைலின் பெயரில் அங்கிள் "நாலு பேருக்கும் சேர்த்து வயது 206" என்று எழுதியிருக்கிறார். கணக்குப் பார்த்தேன், சரி.

ஜெட்டா ஃபைல் இந்தி வர்ணனையோடு இருந்தது, படமும் மங்கல். வேறு இருக்கிறதா என்று கேட்கவில்லை. இதை முழுதாகப் பார்த்தால்தான் அந்தத் துண்டு வீடியோவின் அர்த்தம் தெரியும். கோல்ட்பேர்க் தூணில் தலையை இடித்து இரத்தம் ஓட நிற்கிறார், ஆளுக்கு நிதானமே இல்லை, அண்டர்டேக்கரைத் தூக்கித் தலைகீழாகப் போடும்போது கழுத்து முறியாமல் போனது அதிர்ஷ்டம். மருமகன் இந்த முறை சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான், சிரித்தான், கொஞ்சம் குறைவாக.

கடைசி நட்சத்திரம் 2020 ஏப்ரல், ஏஜே ஸ்டைல்ஸுடன் இடுகாட்டில் நடக்கிற போட்டி. ரசிகர்கள் இல்லை, ரிங் இல்லை, முன்கூட்டியே படம் பிடித்து வெட்டி ஒட்டியது. இங்கே அப்போது ஊரடங்கு. ஞாயிறு காலை, தெருவில் சூன் பாண் ஓட்டோவின் பாட்டு மட்டும் கேட்க, நான் ஃபோனில் பார்த்தேன். உடம்பால் முடியாததைக் கமெரா செய்துகொடுத்தது, இதை ஏன் ஐந்து வருடம் முன்பே செய்யவில்லை என்று இப்போதும் எரிச்சல் வருகிறது. ஸ்டைல்ஸைப் புதைத்துவிட்டு, கையுறை போட்ட கை மட்டும் மண்ணுக்கு வெளியே நிற்க, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுகிறார். அந்த நவம்பர் 22, அறிமுகமாகி சரியாக 30 வருடம் ஆன நாளில் விடைபெற்ற நிகழ்ச்சியையும் அங்கிள் போட்டிருக்கிறார், ஆனால் திரைகளில் ரசிகர்களின் முகங்களை வைத்துக்கொண்டு நடந்த அந்த விழா எனக்கு ஒட்டவில்லை.

மொத்தத்தில் கடைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஃபைல் ஒழுங்குக்கும் பிளேன்டீக்கும் முழுப் புள்ளி, வேகத்துக்கு ஒன்றுமில்லை, தணிக்கைக்கு ஒரு புள்ளி வெட்டு. 12 மணிக்கு முன் போகாதீர்கள், பூட்டியிருக்கும். காட் எடுக்க மாட்டார், காசுதான். ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாக்கிக் கொண்டுபோங்கள், அவருக்கு இடம் போதாவிட்டால் உங்களைக் கேட்காமல் எதையாவது அழிக்கக்கூடியவர்.

2014 ஃபைலை மூன்றாவது முறை போனபோது தந்தார். காசு வேண்டாம் என்றார், "வேறு" என்று ஒரு ஃபோல்டருக்குள் போட்டிருந்தார், பெயரும் இல்லை, வெறும் இலக்கம். அன்றிரவு மருமகனை இருத்திப் போட்டேன். லெஸ்னர் மூன்றாவது முறையாகத் தூக்கிச் சுழற்றி வீசுகிறான், மேலே விழுந்து அமுக்குகிறான், நடுவர் குனிகிறார், ஃபைல் முடிந்துவிட்டது. கொப்பி பிழைத்ததா, அங்கிள் வெட்டினாரா, தெரியாது. நான் அவனுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்க, மருமகன் ஃபோனை எடுத்து இரண்டு செக்கனில் கண்டுபிடித்து, "தோத்துட்டார் மாமா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட எழும்பிப் போனான்.