தகனக் கூடப் புகையில் பாதரசம்: வடிகட்டியா, செலினியமா, பங்குத் தொகையா?

இங்கிலாந்தில் எங்கள் நகர மன்றம் நடத்தும் தகனக் கூடத்தின் பழைய உலையை மாற்ற வேண்டி வந்தபோது, அதை முடிவு செய்த குழுவில் நானும் இருந்தேன். சொத்தைப் பல்லை அடைக்கும் வெள்ளி நிற அமால்கத்தில் ஏறக்குறைய பாதி பாதரசம். அது 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். உலையின் வெப்பமோ 800 டிகிரிக்கு மேல். ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறும் பாதரசம் நீர்நிலைகளை அடைந்தால், கடைசியில் மீன் வழியாக நம் தட்டுக்கே வந்து சேரும். 2012 இறுதிக்குள் பாதித் தகனங்களிலாவது பாதரசத்தைப் பிடிக்க வேண்டும் என்று பிரிட்டன் அரசு 2005-இல் இலக்கு வைத்ததற்கு இதுவே காரணம்.

இறந்தவரின் பற்களை முன்கூட்டியே அகற்றும் யோசனையை நாங்கள் நீண்ட நேரம் பேசவில்லை. துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் அதற்குச் சம்மதம் கேட்க எவருக்கும் மனம் வராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 தொடக்கத்திலிருந்து அமால்கத்துக்குப் பெரும்பாலும் தடை இருப்பதால் பொறுத்திருக்கலாம் என்றும் சிலர் கூறினர். ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பல் அடைத்துக்கொண்ட தலைமுறைதான் இப்போது தகனத்துக்கு வருகிறது.

ஸ்வீடனிலிருந்து வந்த செலினிய முறை மலிவானது. சவப்பெட்டியின் மேல் வைக்கும் செலினியம் என்ற தனிமம் பாதரசத்தோடு சேர்ந்து சேர்மமாகும் என்பதே அதன் அடிப்படை. அதை நான் நேரில் பார்த்ததில்லை என்பதால் அழுத்திச் சொல்லத் தயங்குகிறேன். எனினும் புகையிலுள்ள தூசியையும் அமில வாயுக்களையும் அது தடுக்காது என்பது தெளிவு. கேமியோ என்ற அமைப்பின் மூலம், வடிகட்டி பொருத்திய கூடங்களின் செலவில் மற்றவை பங்கு செலுத்தும் ஏற்பாடும் இருக்கிறது. இடமில்லாத சிறிய கூடங்களுக்கு அது நியாயமானதே. ஆனால் பணம் கட்டியதால் நம் புகைபோக்கியிலிருந்து வரும் பாதரசம் நின்றுவிடாது.

எனவே நான் வடிகட்டியின் பக்கமே நின்றேன், இன்றும் நிற்கிறேன். புகையை ஏறக்குறைய 150 டிகிரிக்குக் குளிர்வித்து, அதில் கிளர்வூட்டிய கரித்தூளைத் தூவி, துணிப்பைகளின் வழியே செலுத்தினால், பாதரசம் கரியில் ஒட்டிக்கொள்ளும். டையாக்சின் என்ற நச்சுப் பொருளும் தூசியும் அதனுடனேயே பிடிபடும். குளிர்விக்கும்போது கிடைக்கும் வெப்பமும் வீணாக வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் அதைக் கொண்டு நீச்சல்குளத்தையே சூடாக்குகிறார்கள்.

விலை குறித்தே பலரும் விவாதிக்கிறார்கள். என் கணக்கில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பராமரிப்பு. குளிர்விப்பானின் குழாய்களில் சாம்பல் படியப் படிய வெப்பம் இறங்குவது குறையும். புகை வரம்பு மீறிச் சூடாக வந்தால், துணிப்பைகள் கருகாமல் இருக்க பைபாஸ் கதவு தானாகத் திறந்து, புகை வடிகட்டப்படாமலே வெளியே போகும். உள்ளே தகனம் வழக்கம்போல் நடக்கும். கூடத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. குழாய் சுத்தம் செய்வதை நாலைந்து வாரம் தள்ளிப்போட்டால், கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய கருவி இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். பாதரசம் ஏறிய கரியைக் காற்றுப் புகாத பீப்பாயில் அடைத்து, ஆபத்தான கழிவைக் கையாள உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். அந்தச் செலவு ஆண்டுதோறும் வரும். தகனங்கள் மிகக் குறைவாக நடக்கும் ஊரில் இந்தச் சுமையைத் தாங்க முடியுமா என்று என் அனுபவத்தைக் கொண்டு சொல்ல இயலாது. அங்கே பங்குத் தொகையே பொருத்தமாக இருக்கலாம்.

வடிகட்டி வாங்க எண்ணுபவர்கள், விற்பவர் காட்டும் செயல்திறன் அட்டவணையோடு நின்றுவிடாமல், அதே கருவியை ஏற்கெனவே இயக்கிவரும் கூடத்துக்குச் சென்று, பைபாஸ் கதவு திறந்த நேரங்களின் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஒப்பந்தத்தில், அந்தப் பதிவை மாதந்தோறும் மன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்பதையும், குழாய்களைச் சுத்தம் செய்வதும் துணிப்பைகளை மாற்றுவதும் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு விற்பவரின் பொறுப்பு என்பதையும் எழுதிச் சேர்த்தோம்.